ஓடாத காரும் மிஸ் அடிக்கும்: லைட்ஹவுஸ் குப்பத்துக் குறிப்புகள்

பழைய கார் விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு: "பத்து வருஷ வண்டி சார், ஆனா பதினாலாயிரம்தான் ஓடியிருக்கு." வாங்க வந்தவரும் மீட்டரை எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். கிலோமீட்டர் குறைவு என்றால் எஞ்சின் புதுசு மாதிரி என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. ஓடினால் தேய்கிற பாகங்களுக்கு அது சரிதான்: பிஸ்டன் ரிங், பேரிங், கிளட்ச். ஆனால் ஓடாமல் கிடந்தால் கெடுகிற சமாச்சாரங்களும் ஒரு காரில் ஏராளம். டேங்கில் இருக்கும் பெட்ரோல், பேட்டரி, ரப்பர் குழாய்கள், ஒயர் முனைகள், பிளக்கின் தலையில் உட்காரும் காயில், திறந்தபடியே நின்றுபோன வால்வு. இவற்றுக்குக் கிலோமீட்டர் கணக்குத் தெரியாது. நாள் கணக்கும் காற்றின் ஈரமும்தான் தெரியும்.

ரொம்ப நாள் நின்ற கார் ஸ்டார்ட் ஆகி, ஐடிலில் குலுங்கி, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திக்கித் திக்கி இழுக்கும். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். ஓடித் தேய்ந்த காரின் மிஸ்ஸிங்கைப் பார்க்கிற அதே கண்ணால் நின்றுபோன காரின் மிஸ்ஸிங்கையும் பார்த்தால், தேவையே இல்லாமல் எஞ்சினைப் பிரிக்க நேரும். அப்படிப் பிரிக்கப்பட இருந்த ஒரு காரைப் பற்றிய குறிப்புகள் இவை.

கார் நின்ற இடம் லைட்ஹவுஸ் குப்பம். பழவேற்காட்டிலிருந்து ஏரிப் பாலத்தைத் தாண்டினால் வருகிற மீனவக் கிராமம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இதுதான். வடக்கே ஏரிக்கு அந்தப் புறம் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் கிளம்பினால் குப்பத்து மணலில் நின்றே பார்க்கலாம். எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தாலும் உப்போடுதான் அடிக்கும். கொண்டலுக்குக் கடல் உப்பு, மேல்காற்றுக்கு ஏரி உப்பு.

நண்பர் 2014இல் புதிதாக வாங்கிய சின்ன கார் அது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில். 2021 அக்டோபரில் அவர் கத்தாருக்கு வேலைக்குப் போனார். போகும்போது வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனார். டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தார்ப்பாய் கிழிந்தது. அதற்குப் பிறகு யாரும் அதை மாற்றவில்லை. 2025 ஆடி மாதம் அவர் விடுப்பில் வந்தபோது மீட்டரில் 14,200 சொச்சம். புது பேட்டரி வாங்கிப் போட்டார். செல்ஃப் அடித்தது, நாலாவது முறை எஞ்சின் பிடித்தது, பிடித்தவுடன் கார் முழுக்க ஆடியது. செக் எஞ்சின் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. பார்த்த மெக்கானிக் "ஹெட் இறக்கணும், முப்பத்தெட்டாயிரம் ஆகும்" என்றார். பழைய கார் வாங்குகிற ஒருவர் "அப்படியே குடுங்க, அம்பதுக்கு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

விற்றுவிடலாம் என்றுதான் நண்பர் இருந்தார். அவருடைய அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய மாசியில் ஒரு ராத்திரி அவருக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. மீன் ஏற்ற வந்த லோடு வண்டியில் படுக்க வைத்து, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொன்னேரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கார் நின்றுகொண்டிருந்தது. "பேட்டரி மட்டும் இருந்திருந்தாக்கூட கெளம்பியிருக்காதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் அவர் என்னிடம். கார் வேண்டும், அது நடுவழியில் நிற்காத காராக வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. ப்ளூடூத் ஓ.பி.டி. ரீடர் ஒன்றும் மல்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு ஒரு சனி, ஞாயிறு அங்கே போனேன்.

முதலில் மிஸ்ஸிங் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தால் ஒரு சிலிண்டருக்கு 400 வெடிப்பு, மூன்றுக்கும் சேர்த்து 1,200. அதாவது நொடிக்கு 20. இதில் ஏதோ ஒன்று எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ போவதுதான் மிஸ்ஸிங். ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் தண்டை ஒரு தள்ளு தள்ளும். ஒரு தள்ளு குறைந்தால் தண்டு அந்தக் கணத்தில் கொஞ்சம் சுணங்கும். தண்டோடு சுழலும் பல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சென்சார் வழியே காரின் கணினி இந்தச் சுணக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. எந்தச் சிலிண்டரின் முறை என்பது அதற்குத் தெரியும் என்பதால் ஆளையும் காட்டிக் கொடுத்துவிடும்: பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0303 மூன்றாவது. எல்லாச் சிலிண்டரிலும் மாறி மாறி விழுந்தால் பி0300. (குழி விழுந்த ரோட்டில் ஓடும்போது சக்கரம் வாங்கும் அடியும் கிராங்க் தண்டு வரை போகும். அதை மிஸ்ஸிங் என்று கணினி தப்பாகப் புரிந்துகொள்வதும் உண்டு. பழவேற்காட்டுப் பக்கத்து உட்சாலைகளில் இதை மறக்கக் கூடாது.)

விளக்கு சும்மா எரிவது வேறு, விட்டு விட்டு எரிவது வேறு. விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸர் பக்கம் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்குகிற அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று அர்த்தம். "ஓட்ட ஓட்ட சரியாயிடும்" என்ற ஆலோசனை அங்கே செலவை இரட்டிப்பாக்கும். அந்தக் காரை நாங்கள் நகர்த்தவே இல்லை.

ரீடரில் இரண்டு குறி வந்தது: பி0300, பி0303. எல்லோரிடமும் கொஞ்சம், மூன்றாவதிடம் நிறைய. ஹெட்டை இறக்கச் சொன்ன மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு லட்சம் ஓடின காரில் இந்தக் குலுக்கல் இருந்தால் அவர் சந்தேகப்பட்டதற்கு நியாயம் உண்டு. ஆனால் இந்தக் காரில் தேய்மானம் எங்கிருந்து வரும்? இங்கே நாலு வருஷம் வேலை செய்தது உப்பும் ஈரமும்தான். அவை எங்கெங்கே போய்த் தங்கும் என்று யோசித்தால் தேட வேண்டிய இடங்களும் மாறிவிடும்.

உப்பைப் பற்றி ஒரு விஷயம். சமையலறையில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரம் இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பு அப்படியல்ல. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். கடற்கரையில் காற்று அவ்வளவு வறண்டுபோகும் நாள் அபூர்வம். ஆகவே ஒரு இரும்பின் மேல் கடல் உப்பு படிந்துவிட்டால், மழையே பெய்யாவிட்டாலும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். துருப்பிடிக்க அது போதும். மின்சாரம் தப்பான வழியில் கசியவும் அது போதும். கரையிலிருந்து உள்ளே போகப் போகக் காற்றில் உப்பு மளமளவென்று குறைந்துவிடும். பொன்னேரியில் நாலு வருஷம் நின்ற காரும் அலைவாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாலு வருஷம் நின்ற காரும் ஒன்றல்ல.

இப்போது வேலைக்கு வருகிறேன். என் விதி ஒன்றுதான்: காசு ஆகாத, பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய சோதனை முதலில், பிரிக்கிற வேலை கடைசியில்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தோம். உள்ளே எலிக்கூடு. சாக்கு நார், தேங்காய் நார், கூடவே கருவாட்டு முள். கருவாடு காயப் போடுகிற ஊரில் எலிக்கு என்ன பஞ்சம். ஒயர்களைக் கையால் தடவிப் பார்த்ததில் இரண்டு இடத்தில் மேல்தோல் கடிபட்டிருந்தது, நல்ல வேளையாக உள்ளே செம்பு அறுபடவில்லை. கூட்டை எடுத்துவிட்டுப் புது ஃபில்டர் போட்டோம். நின்ற காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். நாரை எஞ்சின் உறிஞ்சிய பிறகு பார்த்துப் பயனில்லை.

அடுத்தது மின்சாரம். பேட்டரி புதுசு என்பதால் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டியது. அதோடு திருப்திப்பட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு கம்பி, எஞ்சின் உடம்பில் இன்னொரு கம்பி வைத்து, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், அதிலும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இங்கே 0.9. எஞ்சினிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் பட்டை போல்ட்டுக்கு அடியில் துருத் தூளாக இருந்தது. கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டியதும் 0.15 ஆனது. வோல்ட் குறைந்தால் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும், காயிலும் முழுசாகச் சார்ஜ் ஆகாது. கணினி இதை ஓரளவு ஈடு கட்டிக்கொள்ளும், ஓரளவுக்குத்தான்.

மூன்றாவது பெட்ரோல். இதைப் பற்றிச் சுற்றும் பயங்களில் பாதி சரி, பாதி மிகை. பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல, லேசான, கனமான பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. லேசானவைதான் முதலில் ஆவியாகி எஞ்சினைப் பற்றவைக்க உதவுபவை. நாள்பட அவைதான் முதலில் பறந்துபோகும். மிச்சம் இருப்பதில் சில வகைகள் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாக மாறும். அந்தப் பிசின் இன்ஜெக்டரின் மயிரிழைத் துளையில் உட்கார்ந்தால் பெட்ரோல் தூறலாகத் தெளிக்காது, சொட்டும். இது சரியான பயம். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து ஒரு நாள் திடீரென்று இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதுதான் மிகை. பிரிவது உண்மை. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சுமார் அரை சதவீதம் சேர்ந்தால், எத்தனால் தண்ணீரோடு போய் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கும். ஆனால் இன்றைய காரின் டேங்க் வாய் திறந்த குடம் அல்ல. ஆவி வெளியே போகாதபடி மூடிய அமைப்பு என்பதால், காற்றின் ஈரம் மட்டும் உள்ளே போய் அந்த அளவு சேர ரொம்ப நாள் பிடிக்கும். மூடியின் ரப்பர் வெடித்து மழைநீர் இறங்கினால்தான் சீக்கிரம் நடக்கும்.

ஊகம் எதற்கு, பார்த்துவிடலாமே. பின்சீட்டைத் தூக்கி, பம்ப்பைக் கழற்றி, டேங்கிலிருந்து பெட்ரோலை எடுத்தோம். (வெட்டவெளியில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் பீடி பிடிக்கிறவரைத் தூரமாக அனுப்பிவிட்டு.) 9 லிட்டர் இருந்தது. கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் டிக்காஷன் நிறம், வார்னிஷ் வாடை. ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தும் அடியில் தனி அடுக்கு வரவில்லை. ஆக, தண்ணீர் இல்லை, முதுமைதான். எவ்வளவு எத்தனால் என்று தெரிந்துகொள்ளவும் ஒரு எளிய வழி உண்டு. அளவுக் குழாயில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியில் இருக்கும் தண்ணீர் அடுக்கு 10லிருந்து எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு எத்தனால். இங்கே ஏறக்குறைய 7 மில்லி உயர்ந்தது. 2021இல் பம்பில் போட்ட பெட்ரோலுக்கு அது பொருந்துகிற கணக்குத்தான். நாடு முழுக்கச் சராசரி 10 சதவீதத்தைத் தொட்டது 2022 ஜூனில்.

எடுத்த பழைய பெட்ரோலைப் பாகம் கழுவ ஒரு ஒர்க்‌ஷாப்பில் வாங்கிக்கொண்டார்கள். ஏரியில் ஊற்றாதே என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி வலையெல்லாம் கறுத்ததை அந்தப் பக்கத்து மீனவர்கள் எப்படி மறப்பார்கள்.

புது பெட்ரோல் ஐந்து லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்தோம். குலுக்கல் பாதியாகக் குறைந்தது. பழைய குறிகளை அழித்துவிட்டு மறுபடி ஓட விட்டால் பி0300 வரவில்லை. பி0303 மட்டும் வந்தது. எனக்கு இதுதான் நிம்மதியான கட்டம். எல்லோருக்கும் பொதுவான காரணம் கழிந்துவிட்டது. இனி மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான காரணத்தைத் தேடினால் போதும்.

தேடும் முறைக்குக் கருவியே வேண்டாம். முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டு, மூன்றாவதின் காயிலை முதலில் மாட்டு. குறி எங்கே வருகிறது என்று பார். குறி காயிலோடு நகர்ந்தால் காயில் குற்றவாளி. நகராவிட்டால் அடுத்து பிளக்கை மாற்று. அதிலும் நகராவிட்டால் இன்ஜெக்டர். மூன்றோடும் நகராமல் அதே சிலிண்டரில் உட்கார்ந்திருந்தால் மட்டும் ஒயரையும், வால்வையும், கம்ப்ரெஷனையும் சந்தேகப்படலாம். பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்பில் நடப்பது வேறு: மூன்று பிளக்கும் மூன்று காயிலும் ஒரே நாளில் மாற்றுவார்கள், சரியாகிவிடும், எது கெட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது, பில் மட்டும் தெரியும்.

மூன்றாவது காயிலை இழுத்தபோதே பாதிக் கதை வெளியே வந்துவிட்டது. கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடிய ஒரு வாய்க்கால் இருக்கும். அதன் துளையைச் சருகு அடைத்திருந்தது. தார்ப்பாய் கிழிந்த பிறகு அங்கே தேங்கிய மழைநீர் மூன்றாவது சிலிண்டரின் பக்கமாகச் சொட்டியிருக்கிறது. பிளக் உட்காரும் குழியில் வெள்ளை உப்புத் தடம். காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே ரப்பர் உறைக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது துருப்பிடித்து, பிளக்கின் தலையைத் தொடும் இடத்தில் தூளாகியிருந்தது. ரப்பருக்குள் கரிக்கோடு ஒன்று, பென்சிலால் இழுத்த மாதிரி. மின்பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் இந்தக் கோட்டின் வழியே எஞ்சின் உடம்புக்கு நழுவியிருக்கிறது. இடம் மாற்றி மாட்டினால் குறி பி0301 ஆக மாறியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. காயில் நன்றாகவே இருந்தது. ரப்பர் உறையும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைத்தன. அதையும் மூன்று பிளக்கையும் மாற்றினோம். ஹெட்டில் யாரும் கை வைக்கவில்லை.

இதோடு முடிந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். முடியவில்லை. ஞாயிறு காலை குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது முதல் ஒரு நிமிஷம் லேசான தடுமாற்றம், பிறகு சுத்தம். ரீடரில் இந்த முறை பி0302.

நின்றுபோன எஞ்சினுக்கே உரிய ஒரு விஷயம் இங்கே வருகிறது. எஞ்சினை அணைக்கும்போது கிராங்க் தண்டு எந்த நிலையில் நின்றாலும், மூன்று சிலிண்டரில் ஏதாவது ஒன்றிலாவது ஒரு வால்வு திறந்தபடிதான் நிற்கும். எல்லா வால்வும் மூடிய நிலை என்று ஒன்று கிடையாது. அந்தத் திறந்த வால்வு வழியே நாலு வருஷம் உப்புக்காற்று உள்ளே போய் வந்துகொண்டிருக்கும். வால்வுகள் மூடி நின்ற சிலிண்டர் பத்திரமாக இருக்க, திறந்து நின்றதன் சுவரிலும் வால்வு உட்காரும் விளிம்பிலும் துரு படரும். ஒரே காரில், ஒரே வயதில், ஒரு சிலிண்டர் மட்டும் நோயாளி ஆவதற்கு இது ஒரு காரணம்.

அதற்குக் கம்ப்ரெஷன் மீட்டர் வேண்டும். பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரிடம் இரவல் கிடைத்தது. முதல் சிலிண்டர் 170 பி.எஸ்.ஐ., மூன்றாவது 165, இரண்டாவது 115. எண் எவ்வளவு என்பதைவிட இடைவெளிதான் முக்கியம். அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே எதுவும் போகக் கூடாது என்பது பழைய கணக்கு; 170க்கு அது 127 வரும். இரண்டாவது அதற்கும் கீழே. பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தோம். ஆயில் ரிங்கைச் சுற்றி அடைக்கும் என்பதால், கசிவு ரிங்கில் இருந்தால் எண் ஏறும். ஏறவில்லை, 120தான். கசிவு வால்வில். அதாவது ஹெட்டில்.

அப்படியானால் மெக்கானிக் சொன்னது சரியா? "அப்பவே எறக்கியிருக்கலாமோ" என்று நண்பரும் கேட்டார். வால்வின் விளிம்பில் இருப்பது அரிப்பா, வெறும் துருப்படலமா என்பதைப் பொறுத்தது அது. அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். படலம்தான் என்றால், எஞ்சின் ஓடும்போது வால்வு நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை வந்து உட்கார்ந்து உட்கார்ந்து அதைத் தானே தட்டி எடுத்துவிடும். விளக்கு இப்போது விட்டு விட்டு எரியவில்லை, மிஸ்ஸிங் ஒரு நிமிஷத்துக்கு மேல் இல்லை. ஆகவே இப்போது ஓட்டிப் பார்ப்பதில் ஆபத்து இல்லை. முதல் நாள் ஓட்டியிருந்தால் இருந்திருக்கும். முப்பத்தெட்டாயிரத்தைச் செலவழிக்கும் முன் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

அன்று மாலை படகு எஞ்சின் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடலுக்குப் போற எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் கெடாது தம்பி. கரையில கெடக்கறதுதான் கெடும்" என்றார். அவுட்போர்டு எஞ்சினை நாள் கணக்கில் நிறுத்தப் போகிறோம் என்றால் அவர்கள் செய்வதைச் சொன்னார். டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவார்கள். பிறகு பெட்ரோல் வரும் வழியை மூடிவிட்டு, கார்பரேட்டரில் மிச்சம் இருப்பது எரிந்து தானாக நிற்கிற வரை விடுவார்கள். பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டுக் கயிற்றை இரண்டு முறை இழுத்துவிட்டு மூடுவார்கள். நான் மேலே எழுதிய உப்பு, பிசின், வால்வு மூன்றுக்கும் அந்த மூன்றே செயலில் பதில் இருக்கிறது. "கார வச்சிட்டுப் போறப்ப என்ன ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்று நண்பரைப் பார்த்துச் சிரித்தார்.

காருக்கு அதையே கொஞ்சம் மாற்றிச் செய்யலாம். மாதக் கணக்கில் நிறுத்துவதென்றால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். வருஷக் கணக்கு என்றால் டேங்கில் கிடக்கும் பெட்ரோல் சொத்து அல்ல, எடுத்துவிடுவது நல்லது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் சிறிது ஆயில் விட்டு, ஸ்பானரால் கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றலாம். வாரம் ஒரு முறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பது மட்டும் வேண்டாம். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன் அணைத்தால் அந்த நீர் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். ஒன்று, அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தொடவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை, பழைய காரை இப்போது எழுப்புகிறவர்களுக்கு. இன்று பம்பில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால். எத்தனால் நல்ல கரைப்பான். பழைய பெட்ரோல் டேங்கிலும் குழாயிலும் விட்டுவைத்த பிசினை அது இளக்கி முன்னால் தள்ளும். அதனால் நன்றாக ஓடத் தொடங்கிய கார் முதல் டேங்க் முடிவதற்குள் மறுபடி திக்கினால் பதற வேண்டாம், முதலில் பெட்ரோல் ஃபில்டரைப் பாருங்கள். ரப்பர் குழாய்களையும் ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது. 20 சதவீதத்துக்கு ஏற்ற பாகங்களோடு கார்கள் பரவலாக வரத் தொடங்கியது 2023 வாக்கில்தான்; 2014 கார் அந்தக் கணக்கில் சேராது.

பிளக், ரப்பர் உறை, ஏர் ஃபில்டர், ஆயில், புது பெட்ரோல் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ஆனது, பேட்டரி தனி. நண்பர் திரும்பிப் போய்விட்டார். அவருடைய தம்பி கடலுக்குப் போகாத நாட்களில் அப்பாவைப் பொன்னேரிக்கு அதில்தான் கூட்டிப்போகிறார். 400 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி மீட்டர் இரவல் வாங்கி அளந்து, எண்ணை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்: இரண்டாவது சிலிண்டர் 145. காலையில் தடுமாற்றம் இப்போது பத்து நொடிதானாம். ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் இன்னொரு முறை அளக்கச் சொல்லியிருக்கிறேன்.